வாவியைக் கடவாத வைத்திய அறிவு

(மட்டக்களப்பில் வைத்தியர்களும் வேளாண்மைக்காரரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர்கள் நிறைந்த மன்றத்திலே சட்டத்தரணி ஒருவன் எழுந்து நின்றால், யார்மீது வழக்குத் தொடரப் போகிறானோ என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்தை முதலிலேயே நீக்கி விடுகிறேன். நான் இன்று இரண்டு கடதாசிகளைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். ஒன்று, காலந் தாழ்த்தி வந்து சேர்ந்த கடதாசி. மற்றொன்று, வந்து சேர வேண்டிய இடத்துக்கு இன்னும் வந்து சேராத கடதாசி.

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதம். என் கட்சிக்காரர் ஒருவர் தவணைக்கு வரவில்லை. படுவான்கரையில் ஆறு ஏக்கர் அனுமதிப்பத்திரக் காணி, எல்லைத் தகராறு, ஐந்தாண்டாக இழுபடும் வழக்கு. ஒரு தவணையேனும் தவறாதவர் அவர். ஐம்பது வயதுதான். சலரோகத்துக்குக் கிளினிக்கில் குளிசை எடுப்பவரேயன்றி வேறு நோயறியாதவர். நான் மன்றிலே வேறு நாள் கேட்டுக் கொண்டேன். அடுத்த தவணைக்கும் அவர் வரவில்லை. அவருடைய மனைவி வந்தார். வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார்.

நடந்தது இதுதான். விதைப்புக்கு நிலம் பண்படுத்தும் வேளை, மழைச் சேற்றிலே நான்கு நாள் நின்று வரம்பு கட்டியிருக்கிறார். காலில் ஒரு சிறு வெட்டுக் காயம். காய்ச்சல் கண்டது. அருகிலிருந்த டிஸ்பென்சரியில் ஊசி போட்டார்கள், காய்ச்சல் தணியவில்லை. மூன்றாம் நாள் ஒரு வைத்தியசாலை. அங்கும் வழக்கமான மருந்துகள். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கவே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அங்கேதான் முதன்முதல் இரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு வைத்தார்கள். ஏழாம் நாள் உயிர் பிரிந்தது. அந்தியேட்டிக் கிரியைகள் நடந்து முடிந்த பின்னரே இரத்தப் பரிசோதனையின் முடிவு அந்த அம்மையாரின் கைக்குக் கிடைத்தது. அந்தக் கடதாசியைத்தான் என் மேசையில் வைத்தார்.

“ஐயா, இதில என்னதான் எழுதிக் கிடக்கு?”

ஆங்கிலத்திலே ஒரு நீண்ட பெயர். சட்டம் படித்தவன், மூன்று மொழிகளிலும் வாதாடப் பழகியவன் என்று தருக்கியிருந்த எனக்கும் அது விளங்கவில்லை. வைத்திய நண்பர் ஒருவரிடம் கேட்டேன். “பர்கோல்டேரியா சூடோமலை” என்றார். அந்தக் கிருமி விளைக்கும் நோயின் பெயர் மெலியோயிடோசிஸ். சேற்றிலே, ஈர மண்ணிலே, தேங்கிய நீரிலே வாழும் கிருமி. நாம் நெல் விளைவிக்கும் அதே மண்ணிலே!

பெரியோர்களே! எலிக்காய்ச்சல் என்றால் இன்று வயலிலே நிற்கும் சிறுவனும் அறிவான். 2008ஆம் ஆண்டிலே இந்நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரை அது பீடித்த பின்னர், சுகாதாரப் பரிசோதகர்கள் வட்டை வட்டையாகச் சென்று டொக்சிசைக்கிளின் குளிசையைப் பற்றிச் சொன்னார்கள், மக்கள் கேட்டார்கள். ஒரு நோய்க்கு ஊரறிந்த பெயர் அமைந்து விட்டால் பாதி வேலை முடிந்தது போலத்தான். ஆனால் நான் சொல்லும் இந்த நோய்க்கு நம் வயல்வெளியில் பெயரேயில்லை. பெயரில்லாத பகைவனை எவன் தேடுவான்?

புதிய நோயா இது? இல்லை. 1911ஆம் ஆண்டிலே இரங்கூனில் அல்பிரட் விட்மோர் என்னும் ஆங்கில வைத்தியரும், அவருக்குத் துணையாயிருந்த கிருஷ்ணசுவாமி என்பவரும் பிணப் பரிசோதனைகளின்போது இதனை முதன்முதல் இனங் கண்டார்கள். கிருஷ்ணசுவாமி என்னும் அப்பெயரை நம் காது நன்கறியும். ஆயினும் நோய்க்கு வழங்கிய பழம் பெயர் ‘விட்மோர் நோய்’ என்பதே. உதவியாளரின் பெயர் உலகத்தின் நினைவில் தங்குவது அரிது. அது நிற்க. இலங்கையிலே 1927ஆம் ஆண்டில், ஐரோப்பியர் ஒருவரிடம் இந்நோய் இருந்தமை கொழும்பில் எழுத்திலே பதியப்பட்டது. அதன் பின்னர் பல பத்தாண்டுகளாக அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குறிப்புகளே கிடைத்தன. இலங்கையில் இந்நோய் இல்லை என்றே பலர் எண்ணினர்.

2006ஆம் ஆண்டுக்குப் பின்னர் கொழும்பு மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியற் பேராசிரியை எனோக்கா கொரியா அவர்களும் அவருடைய துணைவர்களும் நாடெங்குமுள்ள பரிசோதனைக்கூடங்களோடு தொடர்பு கொண்டு, ஐயத்துக்குரிய கிருமிகளை அனுப்புமாறு கேட்டுச் சோதிக்கத் தொடங்கினார்கள். பத்தாண்டுக் காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளர் வெளிப்பட்டனர். நம் கீழ் மாகாணமும் அதிலே அடங்கும், மட்டக்களப்பும் அடங்கும். மண்ணிலே கிருமி திடீரென்று முளைத்ததா? இல்லை. தேடத் தொடங்கினார்கள், ஆதலாற் கிடைத்தது. சாட்சியைத் தேடாத வழக்கிலே சாட்சி இல்லை என்று தீர்ப்பெழுதுவது எத்துணைப் பேதைமையோ, அத்துணைப் பேதைமைதான் கல்ச்சர் செய்யாத ஊரிலே இந்நோய் இல்லை என்று சொல்வதும்.

இங்கே வைத்தியர்கள் இருக்கிறார்கள். நான் பிழையாகச் சொன்னால் இடைமறித்துத் திருத்தலாம். நான் படித்தும் கேட்டும் அறிந்த அளவிலே சொல்கிறேன். இந்நோய் ஒரே முகத்தோடு வருவதில்லை. ஒருவருக்கு நியூமோனியாவாக வரும். ஒருவருக்கு ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியாக வரும். ஒருவருக்கு மூட்டிலே இறங்கும். குழந்தைகளுக்குக் காதடியில் வீக்கமாகத் தோன்றுவதும் உண்டு. சிலருக்கு மாதக்கணக்கில் நீடித்து, சயரோகம் என்றே எண்ணிச் சிகிச்சை செய்ய வைக்கும். இரத்தத்திலே பரவி விட்டாலோ, ஓரிரு நாளிலே ஆளை வீழ்த்தி விடும். சலரோகம் உள்ளவரையே இது பெரிதும் நாடுகிறது. சிறுநீரக நோயாளரும், மதுவுக்கு ஆட்பட்டவரும் அடுத்தபடி. தோலிலுள்ள காயத்தின் வழியே நுழையும். மழைக்காற்றோடு சுவாசத்தின் வழியேயும் நுழையும். தூய்மையற்ற நீரின் வழியேயும் நுழையும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. ஆகையால் நோயாளியை ஒதுக்கி வைக்க எவருக்கும் நியாயமில்லை.

இனித்தான் வழக்கின் மையப் பொருள். சாதாரணக் காய்ச்சலுக்கு நாம் முதலிற் கொடுக்கும் மருந்துகளிற் பல இக்கிருமியிடம் தோற்று விடுகின்றன. பெனிசிலின் பயன்படாது. ஜென்டமைசின் பொதுவாகப் பயன்படாது. வைத்தியசாலைகளிலே நாளும் ஏற்றப்படும் செஃப்ட்ரையாக்சோனும் போதிய பலன் தருவதில்லை. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் என்னும் மருந்தைக் குறைந்தது பத்து முதற் பதினான்கு நாள் நாளத்தினூடே ஏற்ற வேண்டும். பின்னர் மூன்று மாதமேனும் கோட்ரைமொக்சசோல் குளிசையை விடாது கொடுக்க வேண்டும். இல்லையேல் நோய் மீளும். இம்மருந்துகள் எட்டாக்கனிகள் அல்ல. கோட்ரைமொக்சசோல் நம் பாமசிகளில் மலிவாகக் கிடைக்கும் பழைய மருந்து. ஆகவே என் கட்சிக்காரர் மருந்து இல்லாமையால் இறந்தார் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அந்த மருந்தைக் கேட்கும் எண்ணம் ஏழு நாளாக எவருக்கும் உதிக்கவில்லை, அதனாலேதான் இறந்தார்.

பரிசோதனைக்கூடத்திலும் இதே கதைதான். இக்கிருமி மெதுவாக வளரும். இரண்டு நாளில் ஒன்றுமில்லை என்று தட்டை எறிந்து விட்டால் அகப்படாது. வளர்ந்தாலும், சாதாரண சூடோமோனாஸ் என்றோ, வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்றோ எண்ணிக் கழித்து விடக் கூடும். ஜென்டமைசினுக்கும் பொலிமிக்சினுக்கும் அடங்காத, ஓக்சிடேஸ் சோதனையில் நிறம் மாறும் கிராம் எதிர்க் கோலுருக் கிருமி எதுவாயினும் ஐயுறுக என்பது துறை வல்லோர் வகுத்த எளிய விதி. ஒரு வரி விதி! அதனை எழுதி ஒட்டுவதற்குச் சுவரும் பசையும் போதும்.

இதிலே வைத்தியர்களின் மறுப்பொன்று உண்டு; அது நியாயமான மறுப்பு. “காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவருக்கும் மெரோபெனம் ஏற்றினால், நாளை எந்தக் கிருமிக்கும் மருந்திராதே!” என்பார்கள். உண்மை. அதற்காகவே வழிகாட்டல் வேண்டும் என்கிறேன். எவருக்குக் கொடுப்பது, எவருக்குக் கொடாதிருப்பது, எந்த மாதத்தில், எந்தத் தொழிலாளிக்கு, எந்தப் பக்க நோயுள்ளவனுக்கு என்று எழுதி வைத்திருந்தால் அல்லவோ அந்தப் பெறுமதியான மருந்து வீணாகாது?

அவுஸ்திரேலியாவின் வட முனையிலே டார்வின் என்றொரு நகரம் இருக்கிறது. நம்மைப் போலவே மழைக்காலமும் கோடையும் உள்ள ஊர். மண்ணிலே இதே கிருமி. 1989ஆம் ஆண்டு ஒக்டோபர் தொடக்கம் அங்குள்ள வைத்தியசாலையில் ஒவ்வொரு மெலியோயிடோசிஸ் நோயாளியையும் பதிந்து வந்தார்கள். முப்பது ஆண்டுகளில் 1148 பேர். முதல் ஐந்தாண்டில் நூற்றுக்கு 31 பேர் இறந்தனர். கடைசி ஐந்தாண்டில் நூற்றுக்கு 6 பேரே இறந்தனர். டார்வின் செல்வ நாட்டின் நகரம், தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே சிறந்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது மட்டுமன்று. மழைக்காலத்தில் நியூமோனியாவோடு ஒருவர் வந்தால், அவருக்குச் சலரோகம் போன்ற பக்க நோயிருந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் எந்த மருந்தைத் தொடங்குவது என்பது அங்கே எழுத்திலே இருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் இளம் வைத்தியரும் அதை வாசித்து விட்டே வாட்டிலே கால் வைக்கிறார். உலகம் முழுவதிலும் இந்நோயால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 89,000 பேர் இறக்கக் கூடும் என்று 2016ஆம் ஆண்டில் அறிஞர்கள் மதிப்பிட்டார்கள். அந்தக் கணக்கிலே எத்தனை பேர் மருந்து இருந்தும் பெயர் தெரியாமல் இறந்தவரோ!

நம் நாட்டிலே அறிவு இல்லையா? இருக்கிறது. கொழும்பிலே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியற் பிரிவு வாரந்தோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. மாவட்டந்தோறும் எந்த நோய் எத்தனை பேருக்கு என்ற கணக்கு அதிலே வருகிறது. அது ஆங்கிலத்திலே வருகிறது. ஆங்கிலம் கற்ற வைத்தியருக்கு அது தடையன்று என்று சொல்லலாம். ஆனால் காய்ச்சல்காரனை முதலிலே பார்ப்பவர் யார்? டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக் கொடுப்பவர், பாமசியில் குளிசை விற்பவர், கிராமத்துப் பரியாரியார், குடும்பநல மாது, தாதி, சுகாதாரப் பரிசோதகர். இவர்களின் கைக்கு அந்த அறிவு எந்த மொழியிலே போகிறது? போகிறதா?

இந்தக் கேள்வி நம் இனத்துக்குப் புதிதன்று. 1847ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர், மானிப்பாயிலே நம் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலே கற்பித்தார். கற்றவர் பலர் ஊரை விட்டு அரசாங்க உத்தியோகம் தேடிப் போகக் கண்டார். 1864ஆம் ஆண்டு தொடக்கம் தமிழிலேயே கற்பிக்கலானார். அதற்கு நூல் வேண்டுமே! இரண வைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழில் ஆக்குவித்தார். 1872ஆம் ஆண்டில் வந்த வைத்தியாகரம் என்பது யாது? நோயாளியின் அருகிலே நிற்கும் வைத்தியன் புரட்டிப் பார்க்கும் கைந்நூல். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னே ஒரு பிறநாட்டார் நம் மொழியைக் கற்று, நம் வைத்தியருக்குக் கைந்நூல் கொடுத்தார். இன்று கணினியும் அச்சுப்பொறியும் பெற்ற நாம், ஒரு பக்கக் கடதாசிக்கு ஏங்கி நிற்கிறோம். கிறீன் வைத்தியர் மதம் பரப்ப வந்தவர்தான்; அதனாலே அவர் செய்த தொண்டின் பயன் குறைந்து விடாது.

மொழி என்றவுடன் அரசியல் பேசுகிறான் என்று சிலர் முகஞ் சுளிப்பர். ஆம், பேசுகிறேன். 1956ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் நாம் பட்ட பாட்டை இங்கே விரிக்கத் தேவையில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 1988ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி என்றது. ஏட்டிலே உரிமை இருக்கிறது. ஆனால் வாட்டிலே என்ன நடக்கிறது? தெற்கிலிருந்து நியமனம் பெற்று வரும் இளம் சிங்கள வைத்தியர்கள் நம் வைத்தியசாலைகளிலே இரவு பகலாக உழைக்கிறார்கள். அவர்களை நான் குறை கூறேன். அவர்கள் வந்திராவிட்டால் சில வைத்தியசாலைகளின் கதவே திறந்திராது. ஆனால் “என்ன தொழில் செய்கிறீர்கள்? வயலில் இறங்கினீர்களா? காலில் காயம் உண்டா? சலரோகம் உண்டா?” என்னும் நான்கு கேள்விகளைத் தமிழிலே கேட்க அவர்களுக்கு வழியில்லையேல், அந்த நோயாளியின் உயிருக்கு அதுவே கேடு. நான்கு கேள்விகளைச் சிங்கள எழுத்திலே தமிழ் உச்சரிப்போடு எழுதிக் கொடுப்பதற்கு எந்தத் திருத்தச் சட்டமும் வேண்டியதில்லை. நாமே கொடுக்கலாம்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை; என் தொழிலுக்கு அது மரியாதை. 1896ஆம் ஆண்டில் பம்பாயிலே கொள்ளைநோய் தோன்றியது. அடுத்த ஆண்டிலே இலங்கையில் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1897ஆம் ஆண்டின் மூன்றாம் இலக்கச் சட்டம். பட்டியலிற் குறித்த நோயொன்றை ஐயுற்ற மாத்திரத்திலேயே வைத்தியர் அறிவிக்க வேண்டும் என்பதே அதனடியாக வந்த நடைமுறை. ஐயுற்ற மாத்திரத்தில் என்பதைக் கவனியுங்கள்! பரிசோதனை முடிவு வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. 544ஆம் இலக்கப் படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பினால், பரிசோதகர் நோயாளியின் வீட்டுக்குச் செல்வார். எலிக்காய்ச்சல் 1991ஆம் ஆண்டிலே அப்பட்டியலிற் சேர்ந்தது. அரசாங்க வைத்தியசாலையில் இது ஓரளவு நடக்கிறது. தனியார் டிஸ்பென்சரியில்? அங்கே வரும் காய்ச்சல்காரர்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கிலே ஏறாத காய்ச்சலுக்கு மருந்தும் ஒதுக்கப்படாது, கல்ச்சர்ப் போத்தலும் அனுப்பப்படாது. ‘உங்கள் மாவட்டத்தில் நோயே இல்லையே’ என்பதுதான் மறுமொழியாக வரும். மலேரியாவை இந்நாடு எப்படி ஒழித்தது? ஒவ்வொரு காய்ச்சல்காரனிடமும் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடியிலே பார்த்தது. ஒவ்வொன்றையும் கணக்கில் ஏற்றியது. 1934-35இலே ஏறத்தாழ எண்பதினாயிரம் பேரைக் கொண்டு போன நோய், 2016இலே இல்லையென்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. துளி இரத்தமும் ஒரு வரிக் கணக்கும் செய்த வேலை அது.

வைத்தியர்கள் சிலர் என்னிடம் தனிமையிலே, “எழுத்திலே வழிகாட்டல் இருந்தால், அதைப் பிழைத்தோம் என்று நீங்களே நம்மைக் கூண்டிலேற்றுவீர்கள்” என்றார்கள். நான் அவர்களுக்குச் சொன்னது இது. 1957ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட போலம் வழக்கு முதற்கொண்டு, பொறுப்புள்ள வைத்தியர் குழுவொன்று சரியெனக் கொள்ளும் முறைப்படி நடந்தவர் கவனயீனமுடையவர் அல்லர் என்பதே அந்நாட்டுச் சட்டவாதத்தின் போக்கு. பின்னர் அதிலே சில நுணுக்கங்கள் சேர்ந்தன. அவற்றை இங்கே விரிப்பின் நீங்கள் உறங்கி விடுவீர்கள். நல்ல வழிகாட்டல் வைத்தியருக்குக் கேடயம். எழுத்தே இல்லாத இடத்திலேதான் என்னைப் போன்றவனின் குறுக்கு விசாரணை கொடிதாயிருக்கும்.

பொறுப்பு யாருடையது என்று தேடப் புகுந்தாலோ வழி மறைந்து விடுகிறது. போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். பிரதேச வைத்தியசாலையும் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையும் மாகாணத்தின் கீழ். கல்ச்சர் செய்யும் பரிசோதனைக்கூடம் ஒரு கரையிலே. காய்ச்சல்காரன் மறு கரையிலே. மாகாண சபையின் காலம் 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் முடிந்த பின்னர், பல்லாண்டுகளாகக் கேட்பதற்கு மக்கள் தெரிந்த சபையும் இல்லாது போயிற்று. மண்முனைத் துறையிலே 2014ஆம் ஆண்டிலே பாலம் வந்தது. அதற்கு முன் நோயாளியைப் பாதையிலே ஏற்றிக் காத்து நின்ற இரவுகளை இங்குள்ள மூத்தோர் அறிவர். பாலத்திலே நோயாளி இன்று கடக்கிறான். ஒரு போத்தல் இரத்தம் கடக்கக் கூடாதா? வெல்லாவெளியிலோ வவுணதீவிலோ எடுத்த இரத்தத்தை அன்று மாலைக்குள் நகரத்துக்குக் கொண்டு வர ஒரு மோட்டார் சைக்கிள் போதும். எரிபொருளை எந்தக் கணக்கிலே எழுதுவது என்பதுதான் இடர் என்றால், அந்தக் கணக்கை நாம் தீர்த்து வைப்போம். நான் இதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

இனி வேளாண்மைக்காரரே, உங்களோடு பேசுகிறேன். “சேற்றிலே இறங்குமுன் பூட்ஸ் அணியுங்கள்” என்று எங்கோ இருந்து எழுதுவது எளிது. முழங்காற் சேற்றிலே வரம்பு கட்டுகிறவன் பூட்ஸை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமுமாக இழுத்துக் கொண்டு நிற்க வேண்டியதுதான். அதை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இயன்ற இடத்தில் அணியுங்கள். காயமிருந்தால் நீர் புகாதபடி கட்டிக் கொள்ளுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரிலே சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். வாடியிலே தங்கும் நாளிலும் கொதித்தாறிய நீரையே குடியுங்கள். சலரோகம் உள்ளவர்கள் விதைப்பு வேலையின் மும்முரத்திலே கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள். சீனி கூடிய உடம்பே இக்கிருமிக்கு விளைநிலம். கடுமழையும் காற்றும் அடிக்கும் நாளிலே, காயத்தோடு, சலரோகக்காரர் வயலில் நிற்க வேண்டாம். ஒரு நாள் கூலி போகும், போகட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சலோடு வைத்தியரிடம் போனால், அவர் கேட்கும்வரை இருக்காதீர்கள். “நான் வயல்காரன். எனக்குச் சலரோகம். இத்தனை நாளாகச் சேற்றில் நின்றேன்” என்று நீங்களே முதலிற் சொல்லுங்கள்.

இது வீண் உபதேசமன்று என்பதற்குச் சாட்சி உண்டு. நான் முன்னே சொன்ன கட்சிக்காரரின் தம்பியாருக்கு, இரண்டு ஆண்டுகள் கழித்து, மார்கழியிலே காய்ச்சல் வந்தது. அவருக்கும் சலரோகம். மதினியாராகிய அந்த அம்மையார், என் மேசையில் வைத்த அதே கடதாசியை மடித்துச் சேலைத் தலைப்பிலே முடிந்து கொண்டு, மைத்துனரோடு வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார். கடமையிலிருந்த இளம் வைத்தியரிடம் அதை நீட்டி, “இவர்ர அண்ணன் இதாலதான் மோசம் போனவர்” என்றிருக்கிறார். அன்றே இரத்தம் எடுத்தார்கள்; அன்றே மருந்தைத் தொடங்கினார்கள். ஆள் பிழைத்தார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஆறாம் கிழமையிலே, “சுகமாகத்தானே இருக்கிறேன்” என்று குளிசையை நிறுத்தி விட்டார். இரண்டு மாதத்திலே தொடையிலே கட்டி வந்தது. மறுபடியும் ஊசி, மறுபடியும் குளிசை. இம்முறை அம்மையார் நாட்காட்டியிலே ஒவ்வொரு நாளாகக் கோடிட்டுக் கொடுத்ததாகக் கேள்வி. அவர் எழுத்தறிவு மூன்றாம் வகுப்போடு நின்றது.

வைத்தியப் பெருமக்களே! உங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். ஒரு பக்கத்திலே அடங்கும்: எவரை ஐயுறுவது, மருந்து தொடங்குமுன் இரத்தம் எடுப்பது, எந்த மருந்து பயன்படாது, எது பயன்படும், எத்தனை நாள், பரிசோதனைக்கூடத்துக்கு எழுத வேண்டிய சொல் எது, எங்கே அறிவிப்பது. எலிக்காய்ச்சலையும் டெங்கையும் அதே பக்கத்தில் சேர்த்து விடலாம். காய்ச்சல்காரன் நெற்றியிலே நோயின் பெயரை எழுதிக் கொண்டு வருவதில்லை. தமிழில் ஒரு பக்கம், சிங்களத்தில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அரசாங்கம் தந்தால் வாங்குவோம். தரும்வரை நாமே அடிப்போம். மருந்தின் அளவை மட்டும் சட்டத்தரணி எழுதக் கூடாது. துறை வல்லோர் எழுதி ஒப்பமிட வேண்டும்.

பெரும்போகப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலே நீர் திறக்கும் நாளும் விதைக்கும் நாளும் தீர்மானிக்கிறார்கள். அரசாங்க அதிபர் வருகிறார். நீர்ப்பாசன அதிகாரி வருகிறார். பசளைக்காரரும் காப்புறுதிக்காரரும் வருகிறார்கள். அதே மேடையிலே சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கால் மணித்தியாலம் கொடுக்க வேண்டும் என்று கமக்கார அமைப்புகளின் தலைவர்கள் இவ்வாண்டே எழுத்து மூலம் கேளுங்கள். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், கட்டணமில்லை.

அந்த ஒரு பக்கத்தின் முதற்படி வாசலருகே மேசையிலே இருக்கிறது. மருந்தின் அளவுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். வைத்தியர்கள் போகும்போது ஆளுக்கொரு பிரதி எடுத்துச் சென்று, பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, வெறுமையை நிரப்பி, ஆவணி முடியுமுன் என் பணிமனைக்கு அனுப்பி வையுங்கள். புரட்டாதியில் அச்சுக்குக் கொடுத்தால், ஐப்பசியில் முதல் மழை விழுமுன் டிஸ்பென்சரிகளுக்கும் பாமசிகளுக்கும் கொண்டு போகலாம். மறு கரைக்குக் கொண்டு செல்ல மோட்டார் சைக்கிள் உள்ள இளைஞர் எண்மர் ஏற்கனவே பெயர் தந்திருக்கிறார்கள். இன்னும் நால்வர் வேண்டும்.